தவறிய சோதனையை வாய்விட்டுச் சொல்லும் இடம்: சிறிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கான ஆள் நிர்வாகம்

தரமணியிலோ கோவையிலோ ஓசூரிலோ 8 முதல் 50 பேர் வரை வைத்துக்கொண்டு ஒரு புது மருந்தையோ பேட்டரியையோ சென்சாரையோ உருவாக்கிக்கொண்டிருக்கிறவருக்காக இந்த அத்தியாயம். “அக்கவுன்ட்ஸும் பாருங்க, அப்படியே ஹெச்.ஆரும் பாருங்க” என்று அதே நிறுவனத்தில் உட்காரவைக்கப்பட்டவருக்கும் இது பொருந்தும்.

பக்கத்துத் தொழிற்சாலையின் ஹெச்.ஆர். கையேட்டை வாங்கிப் பெயரை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வதுதான் வழக்கம். அது இங்கே உதவாது. தொழிற்சாலையில் இன்று எத்தனை பீஸ் தேறியது என்று எண்ணிவிடலாம். ஆராய்ச்சியில் பத்து சோதனை செய்தால் பெரும்பாலானவை ஊத்திக்கொள்ளும். ஊத்திக்கொண்டது என்ற செய்தி, முடிவெடுக்கிறவர் காதுக்கு அன்றைக்கே, பூசி மெழுகாமல் போய்ச் சேருகிறதா? உங்கள் நிறுவனத்தின் பண்பாடு என்று எதையாவது அளக்க வேண்டுமென்றால் இதை அளந்தால் போதும். கீழே வரும் ஆள் எடுப்பது, சம்பளம், விடுப்பு, விடைகொடுப்பது எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்வியை வைத்தே அமைத்திருக்கிறேன்.

எதை எப்போது செய்வது

1. முதல் ஆளைச் சேர்க்கும் முன்: நியமனக் கடிதத்தின் மாதிரி, கண்டுபிடிப்பு உரிமை ஒப்பந்தம், லேப் நோட்டு முறை.
2. அவர் லேபுக்குள் கால் வைக்கும் முன்: பாதுகாப்புப் பயிற்சி, அவசர எண்கள், தீக்காயம் பார்க்கும் மருத்துவமனை எது என்ற தகவல்.
3. 5 பேர் ஆனதும்: வாரக் கூட்டம்.
4. 10 பேர் ஆனதும்: உள் புகார்க் குழு, இ.எஸ்.ஐ. பதிவு.
5. 20 பேர் ஆனதும்: பி.எஃப்., எழுதி வைத்த சம்பளப் படிநிலை.
6. 50 பேர் ஆனதும்: குழந்தைகள் காப்பக வசதி.

பலர் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். டி-ஷர்ட், சுவரில் பொன்மொழி, கால்பந்து மேசை எல்லாம் முதல் மாதமே வந்துவிடும். கண் கழுவும் குழாய் மட்டும் வந்திருக்காது.

ஆள் எடுத்தல்

1. வேலை விவரத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்: “அடுத்த 6 மாதத்தில் இவர் எந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க வேண்டும்?” இதை எழுத வரவில்லை என்றால் உங்களுக்கு இப்போது ஆள் தேவையில்லை.
2. உங்களிடம் உள்ள சொதப்பலான பழைய தரவு ஒன்றை, ரகசியப் பகுதிகளை நீக்கிவிட்டு, நேர்காணலில் கொடுங்கள். முக்கால் மணி நேரம் போதும். உடனே முடிவைச் சொல்லத் தொடங்குகிறாரா, அல்லது “இந்தக் கருவியை எப்போது கேலிபரேட் செய்தீர்கள்?” என்று கேட்கிறாரா என்று பாருங்கள். இரண்டாவது ஆள்தான் வேண்டும்.
3. “நீங்கள் செய்து உருப்படாமல் போன ஒரு சோதனையைச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். எல்லாமே நன்றாக வந்தது என்கிறவரிடம் கவனம். பழி முழுவதையும் கைடு தலையில் போடுகிறவரிடமும் கவனம்.
4. லேப் டெக்னீஷியனோடு அரை மணி நேரம் விடுங்கள். டீ குடிக்கட்டும், கருவிகளைச் சுற்றிப் பார்க்கட்டும். பிறகு டெக்னீஷியனிடம் அபிப்பிராயம் கேளுங்கள். இயக்குநரை “சார்” என்றும் டெக்னீஷியனை “ஏம்ப்பா, இங்க வா” என்றும் அழைக்கிறவரிடம், நாளை அந்த டெக்னீஷியன் கண்டுபிடிக்கும் கோளாறு எதுவும் போய்ச் சேராது.
5. முன்பு வேலை பார்த்த இடத்துக்குப் போன் செய்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இவருடைய நோட்டை வைத்துக்கொண்டு இன்னொருவரால் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடிந்ததா?”

*குறிப்பு:* சினாப்ஸிஸ் கொடுத்துவிட்டு வைவாவுக்குக் காத்திருக்கும் பிஎச்.டி. மாணவர்கள் நிறைய பேர் விண்ணப்பிப்பார்கள். ஆய்வேட்டைத் திருத்தவும் வைவாவுக்குப் போகவும் எத்தனை நாள் விடுப்பு என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் காய்ச்சல் என்று சொல்லிவிட்டுப் போவார். பொய் சொல்லும் பழக்கத்தை நீங்களே தொடங்கிவைத்ததாக ஆகும்.

*அடிக்கடி நடக்கும் தவறுகள்:* கல்லூரிப் பெயரை மட்டும் பார்த்து வடிகட்டுவது. பெண்களிடம் “கல்யாணம் எப்போ?” என்று கேட்பது. வீட்டுக்குக் கொடுக்கும் தேர்வு என்ற பெயரில் நிறுவனத்தின் நிஜமான சிக்கலைக் கொடுத்து இலவசமாகத் தீர்வு வாங்குவது. மூன்றாவது தவறைச் செய்கிறவர்களின் பெயர் ஆராய்ச்சி மாணவர்களின் வாட்ஸ்ஆப் குழுக்களில் வேகமாகப் பரவும்.

கையெழுத்துக்கு முன்: ஒப்பந்தத்தில் என்ன இருக்க வேண்டும்

பணியாளர் கண்டுபிடித்தது யாருக்குச் சொந்தம் என்று இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970 தனியாக வரையறுக்கவில்லை. ஒப்பந்தம் என்ன சொல்கிறதோ அதுதான். ஆகவே வேலை தொடர்பான கண்டுபிடிப்புகளின் உரிமை நிறுவனத்துக்கு மாறுகிறது என்பதைத் தெளிவாக எழுதுங்கள். அவர் ஏற்கெனவே கொண்டுவரும் கண்டுபிடிப்புகளை ஓர் இணைப்புத் தாளில் பட்டியலிடச் சொல்லுங்கள். அந்தத் தாள் அவருக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு. விடுமுறை நாளில், சொந்தச் செலவில், வேலைக்குத் தொடர்பில்லாமல் செய்வது அவருக்கே என்றும் ஒரு வரி சேருங்கள். இந்த வரியைச் சேர்க்க வக்கீல் தயங்குவார். நான் சேர்க்கத்தான் சொல்வேன். கைவேலைக்காரன் வீட்டில் எதையும் நோண்டக் கூடாது என்று சொன்னால் நல்ல கைவேலைக்காரன் வரமாட்டான்.

“வேலையை விட்ட பிறகு 3 வருடம் போட்டி நிறுவனத்தில் சேரக் கூடாது” என்ற வரியை எல்லோரும் வைக்கிறார்கள். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆம் பிரிவின்படி தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. பயமுறுத்துவதைத் தவிர அதனால் பயனில்லை. ரகசியத் தகவலைக் காப்பதற்கான பிரிவு வேறு, அது தேவை. குறைந்தபட்சப் பணிக்காலப் பத்திரமும் வேறு. 2025-இல் விஜயா வங்கி வழக்கில் 2 லட்சம் ரூபாய் பத்திரத்தை உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனாலும் பத்திரத்துக்காக உட்கார்ந்திருக்கும் ஆராய்ச்சியாளரால் ஆராய்ச்சிக்கு என்ன லாபம் என்று யோசித்துவிட்டு அச்சடியுங்கள். அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைக்கும் பழக்கத்தை அறவே விடுங்கள்.

முதல் வாரம்: லேபுக்குள் நுழையும் முன்

புதிதாக வருகிறவர் முதல் நாளே பெஞ்சில் நின்று வேலையைத் தொடங்கத் துடிப்பார். நீங்களும் டெட்லைன் நெருக்கத்தில் விட்டுவிடுவீர்கள். விடாதீர்கள்.

2008 டிசம்பர் 29 அன்று லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக லேபில், 23 வயது ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் காற்றுப் பட்டாலே தீப்பற்றும் ஒரு லித்தியம் சேர்மத்தை சிரிஞ்சில் எடுத்துக்கொண்டிருந்தார். பிஸ்டன் கழன்று வந்துவிட்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. போட்டிருந்த ஸ்வெட்டர் பற்றிக்கொண்டது. 18 நாள் கழித்து இறந்தார். பேராசிரியர் மீதும் பல்கலைக்கழகம் மீதும் கிரிமினல் வழக்கு போடப்பட்டது. இறந்தவருக்கு முறையான பயிற்சி தரப்பட்டதா, கோட் கொடுக்கப்பட்டதா, அதற்கு எழுத்தில் ஆதாரம் இருக்கிறதா என்பதைச் சுற்றித்தான் அந்த வழக்கு நடந்தது. பாதுகாப்புப் பயிற்சி ஹெச்.ஆர். வேலையும்தான் என்று சொல்வது இதனால்தான்.

1. முதல் நாள்: லேபைச் சுற்றிக் காட்டுங்கள். தீயணைப்பான், அவசர ஷவர், கண் கழுவும் குழாய், மெயின் சுவிட்ச், வெளியேறும் வழி. கண் கழுவும் குழாய்க்கு 10 விநாடிக்குள் போய்ச் சேர முடிய வேண்டும். வழியில் அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது. கண்ணில் ஏதும் பட்டால் 15 நிமிடம் விடாமல் கழுவ வேண்டும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஒரு நிமிடத்தில் நிறுத்திவிடுவதுதான் எல்லோருக்கும் பழக்கம்.
2. இரண்டாம் நாள்: அவர் கையாளப்போகும் ஒவ்வொரு ரசாயனத்தின் பாதுகாப்புத் தாளையும் அவரே படித்து, கெட்டது நடந்தால் என்ன செய்வது என்பதைத் தமிழிலோ தனக்கு வசதியான மொழியிலோ உங்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கையெழுத்து மட்டும் வாங்கினால் படிக்கமாட்டார்கள்.
3. மூன்றாம் நாள்: அனுபவசாலி செய்ய, இவர் பார்ப்பார். நான்காம் நாள் இவர் செய்ய, அனுபவசாலி பார்ப்பார்.
4. பயிற்சி முடிந்தது என்று இருவரும் பதிவேட்டில் கையெழுத்திடுவார்கள். அதற்குப் பிறகுதான் தனியாக வேலை.

*எச்சரிக்கை:* ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உள்ள லேபில் கால்சியம் குளுகோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். காயம் சிறியதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனை. திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 மடங்கு இடத்தை அடைக்கும். மூடிய அறையில் வாசனையே இல்லாமல் ஆளை வீழ்த்திவிடும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் அலாரம் இல்லாத அறையில் அதை வைக்காதீர்கள். லிஃப்டில் அந்தக் குடுவையோடு ஆள் போகக் கூடாது.

*இரவு வேலை:* ஆபத்தான வேலையை இரவில் தனியாகச் செய்யக் கூடாது என்பதை விதியாக எழுதுங்கள், இயக்குநருக்கும் சேர்த்துத்தான். வாட்ச்மேன் கீழே இருக்கிறார் என்பது துணை ஆகாது. விதி எழுதிய கையோடு, 8 மணிக்கு மேல் இருக்கிறவரைப் பாராட்டுவதையும் நிறுத்துங்கள். ஒன்று தடுக்கிறது, மற்றொன்று தூண்டுகிறது என்றால் ஆட்கள் பாராட்டின் பக்கம்தான் போவார்கள்.

வாரக் கூட்டம்

கொஞ்சம் கோட்பாடு. ஹார்வர்டில் பேராசிரியராக இருக்கும் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தவருக்கு, அங்கேதான் பதிவான தவறுகள் அதிகம் என்று தெரிந்தது. அவை தவறைப் பேசக்கூடிய குழுக்களாக இருந்தன. மற்ற இடங்களில் மறைத்தார்கள். கோட்பாடு இவ்வளவு போதும்.

நம் ஊர் லேபில் மறைப்பதற்குக் கெட்ட எண்ணம் காரணம் இல்லை. மரியாதைதான் காரணம். சார் இவ்வளவு நம்பிக்கையோடு இன்வெஸ்டரிடம் பேசியிருக்கிறார், இப்போது போய் எப்படிச் சொல்வது என்று தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை உடைக்கும் இடம் வாரக் கூட்டம். இப்படி நடத்திப் பாருங்கள்:

1. ஒரே நாள், ஒரே நேரம், ஒரு மணி நேரம். திங்கள் காலை வேண்டாம். ஞாயிறு இரவெல்லாம் ஸ்லைடு செய்துகொண்டிருப்பார்கள். வியாழன் மதியம் நல்லது.
2. ஸ்லைடு கிடையாது. லேப் நோட்டைத் திறந்து வைத்துப் பேச வேண்டும்.
3. முதல் 20 நிமிடம் “ஓடாதவை”. இந்த வாரம் எது எதிர்பார்த்தபடி வரவில்லை என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். முதலில் சொல்ல வேண்டியவர் நிறுவனத் தலைவர்.
4. இளையவர் முதலில், மூத்தவர் கடைசியில். தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் பிறகு வருவதெல்லாம் “சார் சொன்ன மாதிரி”தான். (ஓடாதவை சுற்றில் மட்டும் இது மாறும், காரணம் புரிந்திருக்கும்.)
5. டெக்னீஷியன், ஸ்டோர்ஸ் பார்ப்பவர், இன்டர்ன் எல்லோரும் உட்கார வேண்டும். நாற்காலி போதவில்லை என்று அவர்களை நிற்கவைக்காதீர்கள்.
6. தமிழில் பேசலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் திணறுகிறவர் பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார். தமிழ் தெரியாத ஒருவர் குழுவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் சொல்லிக் கொடுக்கட்டும்.
7. கடைசி 10 நிமிடம்: யார், எதை, எப்போதுக்குள். ஒருவர் எழுதி அன்றே எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். எழுதுகிற வேலையை எப்போதும் பெண்களிடம் தள்ளாதீர்கள். சுற்று முறையில் போகட்டும்.

கூட்டம் வெல்வதும் தோற்பதும் தலைவர் சொல்லும் முதல் பதிலில். இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள். ஐ.டி.ஐ. முடித்த டெக்னீஷியன் ஒருவர், தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்கிறார்: “சார், மூணாம் நம்பர் ஃபர்னஸ் டிஸ்ப்ளேல 850 காட்டுது. எனக்கு டவுட்டா இருந்துச்சு. வேற தெர்மோகப்பிள் வச்சுப் பார்த்தேன், 828தான் வருது.” அறையில் எல்லோருக்கும் தெரியும்: போன மாதம் வாடிக்கையாளருக்கு அனுப்பிய மாதிரிகள் அந்த ஃபர்னஸில் சுட்டவை.

தலைவர் “இதை ஏன் போன வாரமே சொல்லல?” என்று கேட்டால் கதை முடிந்தது. கேள்வி நியாயமானதுதான். ஆனால் அறையில் உள்ள மற்ற எல்லோரும் கற்றுக்கொள்ளும் பாடம், இனி எதையும் சொல்லாமல் இருப்பது நல்லது என்பதே. “நல்லவேளை பார்த்தீங்க. எந்தத் தேதியிலிருந்து இப்படின்னு தெரியுமா? அதுல சுட்ட பேட்ச் எல்லாம் தனியா எடுத்து வைங்க, நான் கஸ்டமர்கிட்ட பேசிக்கிறேன்” என்றால், அடுத்த கோளாறு ஒரு வாரம் முன்னதாகவே வந்து சேரும். கேலிபரேஷன் அட்டவணை ஏன் தவறியது என்பதைப் பிறகு, தனி அறையில், ஆளை விட்டுவிட்டு முறையைப் பற்றிக் கேளுங்கள்.

*குறிப்பு:* பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு. தவறிய சோதனைக்குத் தண்டனை கிடையாது. தரவைத் திருத்தினாலோ, பிடிக்காத புள்ளியைச் சொல்லாமல் அழித்தாலோ, பாதுகாப்பு விதியைத் தெரிந்தே மீறினாலோ நடவடிக்கை உண்டு. இந்த இரண்டையும் பிரித்து நியமனக் கடிதத்தோடு எழுத்தில் கொடுங்கள். பிரிக்காமல் விட்டால் நல்லவர் பயப்படுவார், மற்றவர் துணிவார்.

லேப் நோட்டு

பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டு. பேனாவால் மட்டும். பக்கம் கிழிக்கக் கூடாது. தவறை ஒரே கோட்டால் அடித்து, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். அந்தச் சோதனையில் ஈடுபடாத ஒருவர் வாரம் ஒரு முறை படித்துச் சாட்சிக் கையெழுத்திட வேண்டும். மின்னணு நோட்டு என்றால் மாற்றங்களின் வரலாறு அழியாத மென்பொருளாக இருக்க வேண்டும். எக்செல் கோப்பு அதற்கு ஈடாகாது. நோட்டு நிறுவனத்தின் சொத்து; வீட்டுக்குப் போகக் கூடாது.

யார் பெயர் வரும்: சண்டை தொடங்கும் இடம்

ஆராய்ச்சி நிறுவனத்தில் சம்பளத்துக்காக விலகுகிறவர்களைவிடப் பெயர் விடுபட்டதற்காக மனம் வெறுத்து விலகுகிறவர்கள் ஆபத்தானவர்கள். போகும்போது அவர்கள் கையில் நியாயமும் இருக்கும்.

கட்டுரையின் ஆசிரியர் பட்டியல் வேறு, காப்புரிமையின் கண்டுபிடிப்பாளர் பட்டியல் வேறு. கட்டுரையில் அளவெடுத்துக் கொடுத்தவரையும் சேர்க்கலாம். காப்புரிமையில் கண்டுபிடிப்பின் கருத்துக்குப் பங்களித்தவர் மட்டுமே வர வேண்டும். மரியாதைக்காக இயக்குநர் பெயரைச் சேர்ப்பதும், டெக்னீஷியன்தானே என்று பங்களித்தவரை விடுவதும், பின்னாளில் காப்புரிமையையே ஆட்டம் காணவைக்கக்கூடிய தவறுகள்.

1. திட்டம் தொடங்கும்போதே, யார் பெயர் எந்த அடிப்படையில் வரும் என்று ஒரு பக்கம் எழுதி எல்லோரும் பார்த்துவிடுங்கள்.
2. மாநாட்டில் பேசும் முன், கட்டுரை அனுப்பும் முன், முதலீட்டாளருக்கு ரகசிய ஒப்பந்தம் இல்லாமல் காட்டும் முன், தற்காலிக விண்ணப்பம் தாக்கல் செய்யுங்கள். ஸ்டார்ட்அப்புக்கு இணையவழிக் கட்டணம் 1,600 ரூபாய்தான். முழு விவரக் குறிப்பைக் கொடுக்க 12 மாதம் அவகாசம். ‘முதலில் பேசிவிட்டுப் பிறகு பார்க்கலாம்’ என்பதற்கு இந்தியாவில் சில சலுகைகள் உண்டு. ஐரோப்பாவில் பொதுவாகக் கிடையாது.
3. வெளிநாட்டில் நேரடியாகத் தாக்கல் செய்வதாக இருந்தால், இங்கே விண்ணப்பித்து 6 வாரம் கழிய வேண்டும், அல்லது காப்புரிமை அலுவலகத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும். காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு இது. மீறினால் தண்டனை உண்டு.
4. கண்டுபிடிப்பாளர்களுக்குத் தாக்கலின்போது ஒரு தொகை, வழங்கப்படும்போது ஒரு தொகை என்று அறிவித்துவிடுங்கள். தொகை சிறிதானாலும் எல்லோருக்கும் ஒரே விதி.

அப்ரைசல், சம்பளம், சொந்த நேரம்

ஆராய்ச்சியாளரை ‘வெற்றி பெற்ற சோதனைகள்’ கணக்கில் மதிப்பிட்டால், அவர் எளிதான சோதனைகளாகப் பார்த்துச் செய்வார். நான்கு விஷயங்களைப் பாருங்கள்: எடுத்துக்கொண்ட கேள்வி தகுதியானதா, பதிவு சரியாக இருக்கிறதா, ஓடாது என்று தெரிந்த பாதையை எவ்வளவு சீக்கிரம் மூடினார், மற்றவர்களுக்கு எவ்வளவு உதவினார். கடைசியைப் பக்கத்து மேசைக்காரர்களிடம்தான் கேட்டு அறிய முடியும்.

இரண்டு ஏணி வையுங்கள். நல்ல விஞ்ஞானிக்குப் பதவி உயர்வு என்றாலே மேனேஜர் ஆக்கி, லீவு லெட்டரில் கையெழுத்துப் போட உட்காரவைப்பது நம்மிடம் இருக்கும் கெட்ட வழக்கம். முதன்மை விஞ்ஞானி என்ற ஏணியிலும் துறைத் தலைவருக்கு இணையான சம்பளம் வரை ஏற வழி இருக்க வேண்டும். டெக்னீஷியனுக்கும் ஓர் ஏணி வேண்டும். கருவியின் குணம் தெரிந்த ஆளை 5,000 ரூபாய் கூடுதலுக்கு இழந்துவிட்டு, சர்வீஸ் இன்ஜினியருக்கு அதைவிட அதிகமாகக் கொடுக்கும் நிறுவனங்கள் ஏராளம்.

சொந்த யோசனைக்கு நேரம் ஒதுக்குவது பற்றி எல்லோரும் கேட்பார்கள். 3எம் நிறுவனத்தில் 15 சதவீத நேரம் என்ற வழக்கம் 1948 முதல் இருக்கிறது. அங்கே ஸ்பென்சர் சில்வர் 1968-இல் கண்டுபிடித்த ‘சரியாக ஒட்டாத’ பசைக்கு ஆர்ட் ஃப்ரை 1974-இல் பயன் கண்டார். ஒட்டிப் பிரிக்கும் குறிப்புத் தாள் அமெரிக்கா முழுவதும் கடைக்கு வந்தது 1980-இல். பிரமாதமான கதைதான். ஆனால் 12 வருடம் பொறுத்திருக்க அவர்களிடம் மற்ற பொருட்களின் வருமானம் இருந்தது. 12 பேர் நிறுவனத்தில் வாரம் ஒரு மதியம் கொடுங்கள், போதும். ஒரு நிபந்தனை: கொடுத்தால் உண்மையாகக் கொடுக்க வேண்டும். அந்த மதியத்திலேயே கிளையன்ட் மீட்டிங் வைப்பதாக இருந்தால் அறிவிக்காமலே இருக்கலாம்.

சட்டம் கேட்பவை

4 புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டன. எல்லோருக்கும் எழுத்தில் நியமனக் கடிதம் கட்டாயம். பழைய மாதிரிகளை இறக்கிப் பயன்படுத்தும் முன் தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் காட்டுங்கள்.

*உள் புகார்க் குழு:* பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டு சட்டப்படி 10 பேர் இருந்தாலே கட்டாயம். இன்டர்ன், ஒப்பந்த ஊழியர், பயிற்சியாளர் எல்லோரையும் சேர்த்துத்தான் 10. தலைவர் மூத்த பெண் ஊழியர், உறுப்பினர்களில் குறைந்தது பாதி பெண்கள், வெளியிலிருந்து ஒருவர். புகார் தர 3 மாதம், தேவைப்பட்டால் மேலும் 3 மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அமைக்காவிட்டால் 50,000 ரூபாய் வரை அபராதம். ஆராய்ச்சி இடங்களில் கூடுதலாக ஒன்றைப் பாருங்கள்: இளம் ஆராய்ச்சியாளரின் கட்டுரை, சிபாரிசுக் கடிதம், கருவி நேரம் எல்லாம் ஒரே ஆள் கையில் இருந்தால் புகார் வராது. அதிகாரத்தை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுங்கள்.

*மகப்பேறு:* முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு. முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். சேரும்போதே இதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். லேபில் இதைவிட அவசரமான கேள்வி ஒன்று உண்டு: கருவுற்றது தெரிந்தவுடன் எந்தெந்தக் கரைப்பான், உலோகம், கதிர்வீச்சு வேலையிலிருந்து விலக வேண்டும்? அந்தப் பட்டியலைப் பாதுகாப்புத் தாள்களைப் பார்த்து முன்கூட்டியே தயாரித்து, எல்லாப் பெண்களுக்கும் சேரும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். மூன்று மாதம் ஆன பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருப்பவர், யாரிடமும் சொல்லாமலே வேலை மாற்றிக்கேட்க ஒரு வழி இருக்க வேண்டும். ‘மருத்துவக் காரணம்’ என்ற இரண்டு சொல் போதும் என்று விதி எழுதுங்கள். தனக்குப் பிடித்த திட்டத்தை அதனால் இழக்கக் கூடாது என்பதும் அதே விதியில் இருக்கட்டும்.

விலகுகிறவருக்கு விடைகொடுப்பது

1. ராஜினாமா வந்த அன்றே கணினியை முடக்கிக் காவலாளியோடு வெளியே அனுப்பாதீர்கள். மீதி இருப்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.
2. நோட்டீஸ் காலத்தின் முதல் பாதியில் ஒப்படைப்பு. அவருடைய நோட்டை வைத்து, அவர் உதவியில்லாமல், வேறொருவர் ஒரு முக்கியச் சோதனையைச் செய்து பார்க்கட்டும். எங்கே தடுக்கிறதோ அதை அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எல்லோரும் பவர்பாயின்ட் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு திருப்தி அடைகிறார்கள். அதில் அடுப்புக் கதவை எவ்வளவு திறந்து வைத்தார் என்பது இருக்காது.
3. பெயரிடாத பாட்டில், குளிர்பதனப் பெட்டியில் கிடக்கும் மாதிரி எல்லாவற்றையும் அவரோடு நின்று அடையாளம் போடுங்கள் அல்லது முறைப்படி அப்புறப்படுத்துங்கள். அவர் போன பிறகு அது என்ன திரவம் என்று ஒருவருக்கும் தெரியாது.
4. விடைபெறும் பேச்சை அவருடைய நேரடி மேலாளர் நடத்தக் கூடாது. “இங்கே எந்த விஷயத்தைச் சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டீர்கள்?” என்ற கேள்வியோடு தொடங்குங்கள்.
5. புதிய ஊதியத் தொகுப்பின்படி, விலகியவருக்குச் சேர வேண்டிய சம்பளத்தை 2 வேலை நாளில் கொடுத்தாக வேண்டும். 45 நாள் கழித்து வாருங்கள் என்பதெல்லாம் பழைய கதை.
6. நிலுவையில் உள்ள காப்புரிமை விண்ணப்பங்களில் அவர் பெயர் இருந்தால், தேவைப்படும் உரிமை மாற்றப் பத்திரம், அறிவிப்புப் படிவம் எல்லாவற்றிலும் கடைசி நாளுக்கு முன்பே கையெழுத்து வாங்குங்கள். நிறுவனம் சாராத மின்னஞ்சல் முகவரி ஒன்றையும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அமெரிக்க விண்ணப்பத்துக்கு அவர் கையெழுத்து வேண்டியிருக்கும். அப்போது அவர் உங்கள் போன் வந்தால் எடுக்கிறவராக இருக்க வேண்டும்.